கொடியேற்றத்துக்குத் தீந்தை பூசாத தோணி

எனக்குக் கோபம் வந்தால் கடையில் இருக்கிற ஆணிகள்கூட ஒளிந்துகொள்ளும் என்பாள் என் மனைவி றாபியா. அவள் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்வதில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். கல்முனைக் கடைத்தெருவில் ஆணியும் கயிறும் தாரும் தீந்தை என்கிற வர்ணப்பூச்சும் வார்னிஷும் விற்கிறவனுக்குக் கொஞ்சம் கோபம் இல்லாவிட்டால் காலை பத்து மணிக்குள் கடையையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் 1955ஆம் ஆண்டு மார்கழியில் என் கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. ஜவுபர் கடைத் தீந்தை தோணிகளை உக்க வைக்கிறது என்று கடற்கரை முழுக்கக் கதை பரவியிருந்தது.

யார் கிளப்பிய கதை என்று தெரியாது. ஆனால் தோணிகள் உக்கியது உண்மை. எட்டு வருடம், ஒன்பது வருடம் ஓடிய கரைவலைத் தோணிகள் போய், இரண்டாம் வருடத்திலேயே பலகை இளகித் தண்ணீர் ஏறுகிற தோணிகள் வந்துவிட்டன. மரத்தில் குற்றம் என்று நான் கத்தினேன். தீந்தையில் குற்றம் என்று தோணி கட்டும் ஓடாவிமார் சொன்னார்கள். ஓடாவிமாரில் குற்றம் என்று தோணிக்காரர்கள் சொன்னார்கள். மூன்று பகுதியும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்ட விசயம் ஒன்றுதான்: சீனிமுகம்மதுக்குக் கைராசி இல்லை.

சீனிமுகம்மது ஒரு தோணியின் தண்டையல். பதினான்கு பேர் அவன் சொல்லுக்குத் தண்டு வலிப்பார்கள், வலை இழுப்பார்கள். பிறந்தது சாய்ந்தமருதில். பெண் கட்டி, எங்கள் பக்கத்து வழக்கப்படி மருதமுனையில் பெண் வீட்டோடு இருந்தான். நல்ல மனிதன், ஆனால் அவசரக்காரன். மூன்று வருடத்தில் இரண்டு புதுத் தோணி கட்டி இரண்டும் உக்கிப் போயின. இப்போது மூன்றாவது தோணி கடற்கரையில் தென்னங்கிடுகுப் பந்தலுக்குள் எழும்பிக்கொண்டிருந்தது. இதுவும் கெட்டால் இனிமேல் அவனோடு கடலில் கால் வைப்பதில்லை என்று பதினான்கு பேரும் தேநீர்க் கடையில் வைத்து வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். ஆட்கள் போய்விட்டால் தண்டையல் என்ற பெயரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? வேறொருவனின் வலைக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் அவன் மனைவி மைமூனா மாட்டு வண்டிலில் வந்து இறங்கினாள். கடைக்கு முன்னால் வரவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டு வேலிக் கடப்பால் வந்து, றாபியாவுடன் உள்ளே இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். மருதமுனையில் தறியில் இருக்கிற பெண்களில் அவள் நெய்யும் சீலைக்குத் தனி மதிப்பு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆளை அன்றுதான் முதலில் கண்டேன். கதவு மறைவில் நின்றபடி ஒரு பலகைத் துண்டை நீட்டினாள். பச்சைத் தீந்தை பளபளத்தது.

"பெருவிரலால அமத்திப் பாருங்க காக்கா," என்றாள், அண்ணனை அழைப்பதுபோல.

அமத்தினேன். விரல் முதல் கணு வரை உள்ளே போயிற்று. விரலை எடுத்தபோது கறுத்த ஈரம் ஒட்டியிருந்தது.

"ரெண்டாவது தோணிட பலகை," என்றாள் மைமூனா.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என்ட தீந்தைக்குக் குத்தம் சொல்லத்தான் வண்டில் புடிச்சி வந்தயா தங்கச்சி? மாமரத்தை வெட்டின கையோட பலகை அறுக்கிறவனுகள்ட்டப் போய்க் கேளு! ஓடாவிட்டப் போய்க் கேளு!"

"குத்தம் சொல்ல வரல்ல காக்கா. இது ஏன் இப்பிடி எண்டு அறியத்தான் வந்த. தீந்தையில கொஞ்சம், வார்னிஷுல கொஞ்சம் தாங்க. சுறா எண்ணெயும் குங்கிலியமும் ஊட்ட இரிக்கி. மூண்டையும் பூசிப் பாக்கப் போறன்."

"கொஞ்சமா? நான் என்ன அத்தர்க் கடையா நடத்துறன், துளித்துளியா விக்கிறத்துக்கு?"

"நாங்க சீலைக்குச் சாயம் போட முதல் ஒரு கழி நூலுக்குப் போட்டுப் பாக்கிற. ஒரு சீலைக்கே அப்பிடிப் பாக்கக்குள்ள, பதினாலு பேர் உசிரோட ஏறுற தோணிக்குப் பாக்காமப் பூசுறது நாயமா காக்கா?"

நான் கத்த வாயைத் திறந்தேன். றாபியா அதற்குள் என் கடையில் இருந்தே தகரத்தை எடுத்து வந்து அவள் கொண்டுவந்த போத்தல்களில் ஊற்றி முடித்துவிட்டாள். என் வீட்டில் என் கோபத்துக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

இரண்டு கிழமை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சாரன் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, மழை விட்ட ஒரு காலையில் மருதமுனைக்குச் சைக்கிளை மிதித்தேன். சொன்ன பொய்க்காக ஒரு சாரனும் வாங்க வேண்டியதாயிற்று.

மைமூனா வீட்டு வேலி கடல் பக்கமாக இருந்தது. வேலி நெடுகிலும் பன்னிரண்டு பலகைத் துண்டுகள் தொங்கின. எல்லாம் புதுத் தோணியின் மரத்தில் மிஞ்சியவை. சீனிமுகம்மது முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டான்.

"ஊரெல்லாம் சிரிக்கிது ஜவுபர் காக்கா. விறகுத் துண்டுக்குக் கலியாணச் சோடினை எண்டு."

சோடினைதான். ஒவ்வொரு துண்டிலும் நிறநூல் கட்டியிருந்தது. பச்சை நூல் தீந்தைக்கு. சிவப்பு நூல் வார்னிஷுக்கு. குங்கிலியம் போட்டுக் காய்ச்சிய சுறா எண்ணெய்க்கு வெள்ளை நூல். ஆறு துண்டுகளை எட்டு நாள் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவிட்டுப் பூசியிருந்தாள். மற்ற ஆறும் மழைக்குள் கிடந்தபடியே எடுத்துத் துடைத்துப் பூசியவை. ஈரத் துண்டுகளின் நூலில் ஒரு முடிச்சு. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெயில் விழும் பக்கம், ஒரு துண்டு நிழல். காலையும் மாலையும் தறியை நிறுத்திவிட்டு வந்து, தென்னோலை ஈர்க்குக் கட்டால் கடல் தண்ணீரைத் தெளித்தாள். இதையெல்லாம் ஒரு தாளில்கூட அவள் எழுதி வைக்கவில்லை. நூலைப் பார்த்தால் போதும், எல்லாம் தெரியும்.

நான் இருபது வருடமாகத் தீந்தை விற்கிறவன். தகரத்தில் ஒட்டியிருக்கிற தாளில் உள்ளதை எவனாவது படித்துச் சொன்னால் அதை மனப்பாடம் பண்ணி வாங்க வருகிறவனிடம் ஒப்பிப்பேன். ஒரு நாளாவது ஒரு துண்டுப் பலகைக்குப் பூசி மழையில் தொங்கவிட்டுப் பார்த்தேனா? இல்லை. அந்த வேலிக்கு முன்னால் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சேர்ந்து அந்தப் பெண்மேல் பெரிய மரியாதையும் வந்தது. வெளியே சொல்லவில்லை. "மழைக்குள்ள தொங்கவிட்டா எதுவும் கெட்டுத்தான் போகும்" என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

கொடியேற்றத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மைமூனா ஆள் அனுப்பினாள், துண்டுகளைப் பிளக்கப் போகிறோம், வந்து பாருங்கள் என்று. றாபியாவும் நானும் போனோம். புதுத் தோணியைக் கட்டுகிற மக்கீன் ஓடாவியும் உளியோடு வந்திருந்தார். எங்கள் கரையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை கண்டதும் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடி ஏறும். அதற்கு முந்திய கிழமை எல்லாத் தோணிகளையும் சுரண்டிப் புதுத் தீந்தை பூசுவார்கள். கொடி ஏறும்போது அவற்றை மணலில் வரிசையாக நிறுத்திப் பாத்திஹா ஓதுவார்கள். புதுத் தோணி என்றால் வரிசையில் முதலிடம். தீந்தை இல்லாத தோணி அந்த வரிசையில் நின்றதாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

மக்கீன் ஓடாவி முதலில் முடிச்சுப் போட்ட பச்சை நூல் துண்டை எடுத்தார். வெளியே என் தீந்தை முதல்நாள் பூசியதுபோல மினுங்கியது. உளியை வைத்து ஒரு அடி. உள்ளே மரம் கறுத்து, பூஞ்சணம் பிடித்து நாறியது. முடிச்சுப் போட்ட சிவப்பு நூல் துண்டில் வார்னிஷ் பாலாக வெளுத்துக் கொப்பளித்திருந்தது. பிளந்தால் அதே நாற்றம். பிறகு முடிச்சுப் போட்ட வெள்ளை நூல். மேலே மங்கிப் போயிருந்தது, பார்க்க அழகில்லை. பிளந்தார். உள்ளே நல்ல மரம். ஈரம்கூடக் குறைந்திருந்தது.

கடைசியாக முடிச்சில்லாத துண்டுகள். ஆறும் நன்றாக இருந்தன. பச்சை நூல் துண்டை மைமூனா றாபியாவின் கையில் கொடுத்து என்னிடம் அனுப்பினாள்.

"ஒங்கட தீந்தையில குத்தமில்ல காக்கா. காஞ்ச பலகைக்கு அது நல்லம். பாருங்க."

மூன்று வருடமாக நான் ஊர் முழுக்கக் கத்தியது இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான். அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மக்கீன் ஓடாவி மட்டும் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்டு வெளங்கல்ல மகள். நான் இருபது வருசமாக் கொடியேத்தத்துக்குத்தான் தீந்தை பூசுறன். அதே மாமரம், அதே கை. முந்தி ஏன் உக்கல்ல?"

மைமூனா யோசித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"காக்கா, உலகச் சண்டை முடிஞ்ச அடுத்த வருசம் கொடியேத்தத்துல என்ன வித்தாங்க?"

"என்ன வித்தாங்களா? மாம்பழம் வித்தாங்க. சர்பத்து வித்தாங்க. வெயில் மண்டையப் பொளந்திச்சே."

"போன வருசம்?"

"அவிச்ச சோளன் வித்தாங்க. எல்லாரும் குடையோட..." சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிட்டது.

"நோம்பு எப்பிடி வருசா வருசம் பத்து நாள் முன்னுக்கு வருகுதோ, கொடியேத்தமும் அப்பிடித்தானே வருகுது காக்கா. பிறை முன்னுக்கு வந்துக்கிட்டே இரிக்கி. மாரி மழை வந்த இடத்துலதான் நிக்கிது. முந்தி கோடைக்குள்ள காஞ்ச பலகைக்குப் பூசின. இந்த மூணு நாலு வருசமா மாரிக்குள்ள ஈரப் பலகைக்குப் பூசுற. தீந்தை மழையை வெளியால மறிக்கல்ல, உள்ளுக்க வெச்சிப் பூட்டுது."

மக்கீன் ஓடாவி கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார். நான் எழும்பி நின்றேன், ஏன் என்று தெரியாது. எத்தனை நோன்பு பிடித்திருக்கிறேன். வெயில் காலத்து நோன்பு, மழைக் காலத்து நோன்பு என்று எத்தனை தடவை கதைத்திருக்கிறேன். மாதங்கள் நகர்வது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததைத் தோணியோடு சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தறியில் இருக்கிற இந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. கெட்டிக்காரி என்று அன்று வாய்விட்டே சொன்னேன். றாபியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் யாரையும் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

ஆனால் வியாபாரி புத்தி போகுமா? "அப்ப கோடையில தீந்தையே பூசலாமே தங்கச்சி," என்றேன்.

"பூசலாம். ஆனா தோணி கண்ணாடி அலுமாரி இல்லையே காக்கா. நாளுக்கு ரெண்டு தரம் மணல்ல இழுபடுகுது. தீந்தை ஒரு இடத்துல கீறுப்பட்டா அதால தண்ணி போகும். போன தண்ணி வெளியால வராது. உள்ளுக்க உக்கினாலும் வெளியால மினுங்கும். எண்ணெய் நாறும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத் திரும்பப் பூசணும், எல்லாம் மெய்தான். ஆனா அது ஒண்டையும் ஒளிக்காது. பழுது வந்தா அண்டைக்கே கண்ணுல படும்."

"வார்னிஷ்?"

"அது மாப்பிள்ளைக் கட்டிலுக்கு நல்லம்," என்றாள். மக்கீன் ஓடாவி சிரித்தார். "மேல் பலகை மணல்ல படாது. அதுக்கு மட்டும் கோடையில ஒங்கட பச்சை பூசுவம் காக்கா. கோவிக்காதீங்க."

சீனிமுகம்மது இவ்வளவு நேரமும் பிளந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டு இருந்தான். கடைசியில், "எல்லாம் சரி. கொடியேத்தத்துக்கு வெறும் பலகையோட கொண்டுபோய் நிறுத்தச் சொல்றயா?" என்றான். மைமூனா தறிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

செய்தி ஒரே நாளில் கரை முழுக்கப் பரவியது. மறுநாள் சீனிமுகம்மதின் ஆட்கள் என் கடைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் அப்துல் ஸமட், பதினான்கு பேரில் வயதில் மூத்தவர், மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

"தண்டையலுக்குத் தீந்தை குடுங்க ஜவுபர். மொட்டைத் தோணியை வரிசையில வெச்சி எங்களையும் அதோட நிக்கச் சொன்னா நாங்க நிக்க மாட்டம். ரெண்டு தோணி போனது போதும். நாங்க மீராசா தண்டையல்ட தோணிக்கிப் போற. அவர் எங்களைக் கேட்டுட்டார்."

நான் துண்டுகளைப் பற்றி விளக்க முயன்றேன். பிறை, மழை, முடிச்சு, நூல் எல்லாம் சொன்னேன். மைமூனா சொன்னபோது தண்ணீராக விளங்கியது, நான் சொல்லும்போது எனக்கே விளங்கவில்லை. "பொம்புளை நூல் கட்டிப் பாத்ததைக் கேட்டு நாங்க கடலுக்குப் போறல்ல" என்று ஒருவன் சொன்னான். அவனைக் கடையை விட்டுத் துரத்தினேன். துரத்தி என்ன பயன்? மற்றவர்களும் அவனோடு போய்விட்டார்கள்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு சீனிமுகம்மது வந்தான். இரண்டு தகரம் பச்சைத் தீந்தை கேட்டான். என் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"மைமூனாக்குச் சொல்லாதீங்க காக்கா. ஆள் இல்லாட்டி எனக்கு என்னத்துக்குத் தோணி? உக்கினா உக்கட்டும். இந்த வருசமாவது ஓடும்தானே."

எனக்குக் கோபம் வந்தது. அது அவன்மேல் இல்லை. பதினான்கு பேரைக் கைவிடவா, மனைவி கண்டுபிடித்த உண்மையைக் கைவிடவா என்று ஒரு மனிதனை இப்படி நிறுத்துகிற உலகத்தின்மேல் வந்தது. தகரங்களை மேசையில் வைத்தேன். கையை எடுக்கவில்லை.

"நல்லா யோசிச்சிப் பாரு சீனி."

"யோசிச்சித்தான் வந்த," என்று தகரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் கொடுத்திருக்கக் கூடாது. அதை எனக்குச் சொல்லித்தர றாபியா வேண்டியதில்லை. ஆனாலும் அவள் சொன்னாள், சோறு போடும்போது சொன்னாள், பாய் விரிக்கும்போது சொன்னாள், காலையில் தேநீர் தரும்போதும் சொன்னாள். "அந்தப் புள்ள ஒரு மாசமா மழைக்குள்ள நிண்டு பாத்த வேலையை ரெண்டு தகரத்துக்கு வித்துட்டீங்க" என்றாள். தேநீரைக் குடித்து முடித்தேன்.

கொடியேற்ற நாளில் காலையில் இருந்தே தூறல். பள்ளி முன்றலில் றபான் அடித்துப் பைத்துப் பாடினார்கள். மணலில் பதினொரு தோணிகள் பச்சையும் சிவப்பும் நீலமுமாக வரிசையாக நின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னால், வரிசையின் முதலிடத்தில், சீனிமுகம்மதின் தோணி முழுவதும் துணியால் மூடிக் கிடந்தது. கரும்பச்சைச் சீலை, ஓரத்தில் வெள்ளைக் கரை, முனையில் இருந்து முனை வரை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு கிழமையாக மைமூனாவின் தறி ஓயவில்லை என்று றாபியா எனக்கு அப்போதுதான் சொன்னாள். முப்பது முழம் நெய்திருந்தாள், புருசன் வெறும் பலகையோடு நின்று வெட்கப்படக் கூடாது என்று.

ஆட்கள் சீலையைக் கண்டு வாய் பிளந்தார்கள். அப்படி ஒரு தோணியை யாரும் கண்டதில்லை. ஸமட்டும் மற்றவர்களும் சற்றுத் தள்ளி, மீராசாவின் தோணிக்குப் பக்கத்தில் நின்றபடி பார்த்தார்கள். நான் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அந்த அழகான சீலைக்குக் கீழே என் தீந்தைதான் இருக்கிறது, ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பள்ளி லெப்பை பாத்திஹா ஓத வந்து வரிசையின் முன்னால் நின்றார். சீனிமுகம்மது அவரிடம் மெல்ல ஏதோ சொல்லிவிட்டு, தோணியின் முனைக்குப் போய்க் கட்டை அவிழ்த்தான். சீலையைப் பிடித்து இழுத்தான். அது மடிமடியாக ஈர மணலில் விழுந்தது.

கீழே தீந்தை இல்லை. வெறும் மாம்பலகை. உளி பட்ட தடம்கூடத் தெரிந்தது.

தோணிக்குள் கையை விட்டு இரண்டு தகரத்தையும் எடுத்து என் காலடியில் கொண்டுவந்து வைத்தான். "தொறக்கல்ல காக்கா," என்றான். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பினான். கூட்டத்துக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன், சத்தமாகவே பேசினான்.

"முந்தின ரெண்டு தோணிக்கும் கைராசியும் இல்ல, கண்ணூறும் இல்ல. ஈரப் பலகைக்குத் தீந்தை பூசினது நான்தான். வரிசையில முன்னுக்கு நிக்கணும் எண்ட அவசரத்துல பூசின. இதைக் கண்டுபுடிச்ச ஆள் என்ட பொஞ்சாதி. இந்தச் சீலையும் அவள்தான் நெய்த. நேத்து இதை எனக்கிட்டத் தந்தாள். அதுக்குக் கீழ களவாத் தீந்தை பூசத்தான் போன நான், கை போகல்ல. மூடி மூடித்தான் ரெண்டு தோணியைக் கெடுத்த. இதை மூடமாட்டன். பங்குனியில பலகை காஞ்ச பொறகு எண்ணெய் போடுவன். வாறவங்க வாங்க. போறவங்க போங்க, நான் கோவிக்க மாட்டன்."

பிறகு கூட்டத்தில் யாரோ, "அப்ப எங்கட தோணியெல்லாம்?" என்று கேட்டான். கேட்டவன் என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கத்துவதற்கு நல்ல சந்தர்ப்பம். நான் கத்தவில்லை. "மெய்தான்," என்றேன். "மாரிக்குள்ள வித்தது நான். மரத்துல குத்தம் எண்டு ஒங்களோட சண்டை புடிச்சதும் நான்தான். எனக்கும் தெரியாமத்தான் இருந்திச்சி. இனி மாரிக்குள்ள தோணிக்குத் தீந்தை விக்க மாட்டன்."

அப்துல் ஸமட் வரிசையைத் தாண்டி வந்தார். தோணிப் பலகையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தடவிக்கொண்டே ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை நடந்தார்.

"இது காய எத்தின நாள் செல்லும் ஓடாவி?"

"கிடுகுக்குக் கீழ காத்துப் பட விட்டா ஒண்டரை மாசம்," என்றார் மக்கீன்.

"எண்ணெய் காய்ச்சிற அண்டைக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்க தண்டையல்," என்றார் ஸமட். "ஒங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம். குங்கிலியம் கரைய முதல் அடுப்பை அணைச்சிப் போடுவீங்க."

லெப்பை பாத்திஹா ஓதினார். ஓதி முடிந்ததும் மழை பலத்தது. வெறும் பலகை நனையக் கூடாது என்று சீனிமுகம்மது தனியாகத் தோணியின் பின்புறத்தில் தோள் கொடுத்துப் பந்தல் பக்கம் தள்ளத் தொடங்கினான். ஸமட் போய்ச் சேர்ந்துகொண்டார். மீராசாவின் தோணிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சாரனை மடித்துக் கட்டினான். பிறகு இன்னொருவன்.

பெண்கள் பள்ளிச் சுவரோரம் தாழ்வாரத்துக்குக் கீழே நின்றார்கள். மைமூனா சீலை விழுந்த நேரத்தில் இருந்து தோணிப் பக்கமே பார்க்கவில்லையாம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, றாபியாவின் கையைப் பிடித்தபடி நின்றாளாம்.

"எத்தின பேர் தள்ளுறாங்க ராத்தா?" என்று கேட்டாளாம். "சரியா எண்ணிச் சொல்லுங்க."

"பதினாலு பேரும்தான் புள்ள," என்றாள் றாபியா. "நான் ரெண்டு தரம் எண்ணின."

அதன் பிறகுதான் மைமூனா அழுதாள்.